பரண்மேல் உறங்கும் சரித்திரம்

"உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய காகிதம் எது? கேட்டு வாருங்கள்" என்று என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். மறுநாள் பாதிப் பேர், "ஒன்றும் இல்லை, ஸார்! போகிக்குக் கழித்துவிட்டார்களாம்" என்றார்கள். அவர்களைக் கோபித்து என்ன பயன்? என் பாட்டனாரின் கணக்கு நோட்டுகளை எடைக்குப் போட்டவன்தானே நான்! காரிலும் பிசானத்திலும் எங்கள் வயலில் கண்ட நெல்லும் அன்றைய விலையும் அவற்றில் இருந்தன என்பது, அவை போன பிறகுதான் உறைத்தது.

திருநெல்வேலிச் சீமைக்கு இந்தக் குற்றம் புதிதன்று. மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றபோது, கோயிலிலிருந்த பழஞ்சுவடிகளை ஹோமத் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால், தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரிக் கவிராயர் ஒருவர் வீட்டில் காக்கப்பட்டிருந்த சுவடி, அவருடைய பத்துப்பாட்டு ஆராய்ச்சிக்கு உதவிற்று. நூல் 1889-ல் அச்சேறியது. ஓரிடத்தில் கேட்பவர் வருமுன் ஏடு போய்விட்டது; மற்றோரிடத்தில் அவர் வரும்வரை காத்திருந்தது. வேற்றுமை அவ்வளவே.

ஐயரவர்கள் தேடியதோடு நில்லாமல், தாம் தேடிய கதையை 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாராவாரம் எழுதினார். ஏட்டின் அருமை வித்துவான்களைக் கடந்து குடும்பங்களுக்கும் எட்டியது. அவர் பெயரால் 1943-ல் சென்னையில் நூல்நிலையமும் தோன்றிற்று.

ஏடு மட்டுந்தான் சரித்திரமா? கோட்டையூர் ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நாடக நோட்டீஸ்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்தார். அவர் 1992-ல் மறைந்த பிறகு, சிக்காகோ சர்வகலாசாலை அச்சேகரத்தை வாங்கியது. ஆனால் கடல் கடத்திக் கொண்டு போகவில்லை. 1994-ல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாயிற்று. அங்கே சொற்பொழிவுகளும் கண்காட்சிகளும் நடைபெறுகின்றன.

நூலகம் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது என்பது என் கட்சி. அது வீடு தேடி வரவேண்டும். "கொடுங்கள்" என்று கேட்டால் ஜனங்கள் அஞ்சுவார்கள், "படம் எடுத்துக்கொண்டு உங்களிடமே திருப்பித் தருகிறோம், இதில் என்ன எழுதியிருக்கிறது என்றும் படித்துச் சொல்கிறோம்" என்றால், பரணுக்குத் தாமே ஏணி போடுவார்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. பிரதி ஒன்று வேறிடத்தில் இருந்தால், மூலம் நனைந்தாலும் செய்தி பிழைக்கும்.

என் வகுப்பில் ஒரு சிறுமி தன் கொள்ளுப்பாட்டியின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டு வந்தாள். மஞ்சள் தடவிய ஓரம் பொடிந்து கொண்டிருந்தது. அதிலிருந்த ஊர்ப் பெயர்களைப் படிக்கப் படிக்க, வகுப்பு முழுவதும் மேஜையைச் சூழ்ந்துகொண்டது. அன்று நான் நடத்த வேண்டிய சரித்திரப் பாடம் அதுவே ஆயிற்று.

நேயர்களே, அடுத்த போகிக்கு முன் ஒருமுறை உங்கள் பரணைப் பாருங்கள். எரிப்பதற்கு முன் படித்துப் பாருங்கள்.