வலிப்பு வரும் பிள்ளைக்கும் வாங்கில் இடம் உண்டு



வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் "கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருங்கள்" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் நம் தோட்டப் பாடசாலைகளில் இன்னும் ஒழியவில்லை. அந்தக் கொஞ்ச நாள் முடிவதில்லை. அடுத்த வருடம் இடாப்பில் பிள்ளையின் பெயரே இருக்காது. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்கிறது நாட்டின் சட்டம். வலிப்பைக் காட்டி அதைப் பறிக்க யாருக்கு உரிமை?

வலிப்பு பேய் பிடிப்பதல்ல, தொற்றுவதுமல்ல. மூளையின் மின்னோட்டம் சற்று நேரம் தாறுமாறாகிறது, அவ்வளவுதான். ஒழுங்காக மருந்து எடுத்தால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் அந்த மருந்து இலவசம். சாமி கும்பிடுங்கள், திருநீறு பூசுங்கள். குளிசையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

இலவச மருந்து ஏன் பிள்ளையின் கைக்கு வருவதில்லை? நான் படிப்பித்த ஒரு பிள்ளைக்கு மாதத்தில் சில நாட்கள் மட்டும் வலிப்பு வரும். அமாவாசைக் கோளாறு என்றது லயம். விசாரித்தால், அவை குளிசை முடிந்துபோன நாட்கள். கிளினிக்குக்குப் போனால் அம்மாவுக்கு அன்றைக்குப் பேர் இல்லை. பஸ் காசு வேறு. பேரைப் பார்த்தால் குளிசை இல்லை. திடீரென்று மருந்து நின்றால் வலிப்பு கடுமையாகத் திரும்பும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு நாள் பேரை வெட்டுகிற நிர்வாகம், "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று பேசலாமா?

ஆசிரியர்களே, வலிப்பு வந்தால் நேரத்தைப் பாருங்கள். பக்கத்திலுள்ள வாங்கு, மேசையை விலக்குங்கள். தலைக்கடியில் மெதுவான துணி வையுங்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம். கையில் இரும்பும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கூப்பிட்டும் கேளாமல் சில வினாடி வெறித்துப் பார்ப்பதும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். பராக்குப் பார்க்கிறான் என்று அடிக்காதீர்கள்.

வீட்டில் அடுப்படிக்கும் பீலிக்கும் ஆற்றுக்கும் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். பாடசாலைக்குக் கட்டாயம் அனுப்புங்கள்.

நம் கோரிக்கைகள் மூன்று: கிளினிக் நாளில் தாய்க்கோ தந்தைக்கோ முழுப் பேர், தோட்ட மருந்தகத்திலேயே மாத மருந்து, ஒவ்வொரு பாடசாலையிலும் ஆசிரியர்களுக்கு முதலுதவிப் பயிற்சி.

தோட்டத் தலைவர்களே, மாதர் தலைவிகளே! வலிப்பினால் படிப்பை விட்ட பிள்ளைகள் உங்கள் டிவிஷனில் எத்தனை பேர்? பெற்றோரிடம் பேசுங்கள், அவர்கள் சம்மதத்தோடு அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குக் கணக்கைக் கொண்டுவாருங்கள். சம்பளத்துக்குப் பேசும் அதே மேசையில் இதையும் வைப்போம்.