உப்பைத் தாங்குவதற்கும் ஒரு விலை உண்டு

உவர்நீர் மீன்களைப் பற்றிப் பேசும் பாடநூல்களும் ஆய்வேடுகளும் 'உப்புத் தாங்குதிறன்' என்னும் சொல்லை மிக எளிதாகக் கையாளுகின்றன. இந்த அளவு முதல் அந்த அளவு வரை ஒரு மீன் உயிர்வாழும் என்று ஓர் அட்டவணை தரப்படுகிறது. பாடம் அத்துடன் முடிகிறது. அந்த எல்லைக்குள் வாழ்வதற்கு மீன் எவ்வளவு செலவிடுகிறது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. காயல்களைப் பற்றிய முடிவுகள் பிழைபடுவதற்கு இந்த விடுபடலும் ஒரு காரணம்.

திருவனந்தபுரத்தின் வடபுறத்திலுள்ள கழக்கூட்டத்தை இன்று பலரும் டெக்னோபார்க்கின் பெயரால் அறிவர். கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகமும் அதன் அருகில்தான் உள்ளது. கழக்கூட்டத்திலிருந்து கடலை நோக்கிச் சென்றால் வடக்கே கடினங்குளம் காயல், தெற்கே வேளிக் காயல். இரண்டையும் பார்வதி புத்தனாறு என்னும் கால்வாய் இணைக்கிறது. மழைக்காலத்தில் ஆற்றுநீரும் கோடையில் கடல்நீரும் மேலோங்கும் இத்தகைய காயல்களில் வாழும் கரிமீன், நீர் உப்பு சமநிலையைக் கற்பிக்க வந்த ஆசிரியர் போன்றது. கேரளத்தின் மாநில மீனும் அதுவே.

எலும்பு மீன்களின் குருதியில் கரைபொருள்களின் செறிவு, கடல்நீரின் செறிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆகவே நன்னீரில் மீனின் உடலுக்குள் நீர் புகுந்துகொண்டே இருக்கும், உப்பு கசிந்து வெளியேறும். மீன் நீர்த்த சிறுநீரை மிகுதியாகக் கழிக்கிறது. இழந்த உப்பைச் செவுள் வழியே மீட்கிறது. கடல்நீரில் நிலைமை தலைகீழ். நீரை இழக்கும் மீன் கடல்நீரைக் குடிக்கிறது, மிகையான உப்பைச் செவுளின் சிறப்பு உயிரணுக்கள் வழியே வெளியேற்றுகிறது. இரு திசைகளிலும் உழைப்பது சோடியம் பொட்டாசியம் ஏற்றி என்னும் புரதமே. நண்டின் கால் நரம்புகளில் இதன் செயலை 1957இல் கண்டறிந்து வெளியிட்ட ஜென்ஸ் ஸ்கூ, 1997இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒவ்வொரு சுழற்சியிலும் மூன்று சோடியம் அயனிகள் வெளியே, இரண்டு பொட்டாசியம் அயனிகள் உள்ளே. செலவு ஓர் ஏடிபி மூலக்கூறு.

அந்த ஏடிபியின் பெரும்பகுதி ஆக்சிசனைக் கொண்டே உருவாகிறது. இங்குதான் சிக்கல். மூச்சுக்கும் செவுள், உப்புக்கும் செவுள். ஆக்சிசன் எளிதில் நுழைய வேண்டுமானால் செவுளின் பரப்பு விரிந்தும் சவ்வு மெலிந்தும் இருக்க வேண்டும். ஆனால் அதே மெல்லிய சவ்வின் வழியேதான் நீரும் உப்பும் கசிகின்றன. ஆக்சிசன் குறைந்த நீரில் மீன் செவுளை மிகுதியாக இயக்கினால் கசிவும் கூடுகிறது. ஏற்றிக்கு வேலை கூடும் அதே நேரத்தில் அதற்கான எரிபொருள் குறைகிறது.

கடினங்குளம் காயலில் நெடுங்காலமாகக் கயிற்றுத் தொழிலுக்காகத் தேங்காய் மட்டைகள் ஊறவைக்கப்பட்டு வந்தன. மட்டை அழுகும்போது நீரின் ஆக்சிசன் தீர்ந்து, ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகிறது. இந்த வாயு உயிரணுவின் மூச்சு நொதியையே முடக்குவது. அத்தகைய நீரில் கரிமீனின் உப்புத் தாங்குதிறன் என்னவாக இருக்கும்? ஆய்வகத்தில், காற்றூட்டப்பட்ட தொட்டியில் பெற்ற அட்டவணை அதற்கு விடை சொல்லாது. இதைக் கயிற்றுத் தொழிலாளர் மீதான குற்றச்சாட்டாகக் கொள்வது நியாயமாகாது. ஓத நீர் தங்குதடையின்றி வந்துபோவது மட்டை ஊறவும் நல்லது, மீனுக்கும் நல்லது. இருவருக்கும் பகை தேங்கிய நீர்.

வேளியில் கோடையில் மணல்திட்டு முகத்துவாரத்தை மூடிவிடும்; மழைநீர் பெருகும்போது வெள்ளத்தைத் தவிர்க்க அதனை வெட்டித் திறப்பர். திறந்த பிறகு கடல்நீர் உட்புகுந்தால் காயலின் உப்புத்தன்மை விரைந்து மாறுகிறது. உப்பை ஏற்கும் செவுளை உப்பை வெளியேற்றும் செவுளாக மாற்றியமைக்க மீனுக்கு நாள்கள் தேவை. ஆகவே 'எவ்வளவு உப்பு' என்பதோடு 'எவ்வளவு விரைவில்' என்பதும் கணக்கில் வர வேண்டும்.

கரிமீன் போன்றவை எதையும் தாங்கும், கவலை வேண்டாம் என்று வாதிடுவோர் உண்டு. வேம்பநாட்டுக் காயல் அதற்கு மறுப்பு. ஆற்றுக்கொஞ்சு என்று கேரளத்தில் அழைக்கப்படும் பெரிய நன்னீர் இறால் ஆற்றில் வளர்கிறது. அதன் இளம்புழுக்களுக்கோ உவர்நீர் இன்றியமையாதது. குட்டநாட்டின் நெல்லை உப்பிலிருந்து காக்க 1970களில் எழுந்த தண்ணீர்முக்கம் தடுப்பணை இறாலின் அந்தப் பயணத்தைத் தடுத்தது. காயலில் அதன் வளமும் குறைந்தது. முதிர்ந்த உயிரியின் தாங்குதிறனைக் கொண்டு ஓர் இனத்தின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நெல்லுக்கு உப்பு பகை, இறாலின் குஞ்சுக்கு உப்பு உயிர்.

எனவே காயல் ஆய்வுகளில் உப்புத்தன்மையும் ஆக்சிசனும் தனித்தனி நெடுவரிசைகளாக நிற்பது போதாது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், விடியலுக்கு முன்னரும் அவற்றை அளந்து ஒன்றோடொன்று இணைத்துப் படிக்க வேண்டும். இரவெல்லாம் மூச்சுக்குச் செலவாகி ஆக்சிசன் மிகவும் குறைந்திருக்கும் வேளை அதுவே. தாங்குதிறன் சோதனைகள் இறப்பை மட்டும் எண்ணாமல் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் எண்ண வேண்டும். உப்பைச் சமன்செய்யச் செலவான ஆற்றல் முட்டைக்கும் தசைக்கும் கிட்டாமல் போன ஆற்றல். மீன் இறக்கவில்லை என்பதால் காயல் நலமாக உள்ளது என்று முடிவுகட்டுவது அறிவியலாகாது.