ஆலைகள் மூடலாம், ஆவணங்கள் அழியலாமா?

"கீழை நாடுகளின் மான்செஸ்டர்" என்று ஒரு காலத்தில் புகழப்பட்ட கான்பூரில் இன்று ஆலைச் சங்கின் ஒலி இல்லை. 1864-ல் தொடங்கிய எல்ஜின் ஆலை, 1874-ல் தொடங்கிய மூர் ஆலை, "லால் இம்லி" என்ற பெயரால் நாடெங்கும் அறியப்பட்ட 1876-ம் ஆண்டின் கம்பளி ஆலை என எல்லாமே ஓய்ந்துவிட்டன. லால் இம்லியின் செங்கல் கட்டடமும் மணிக்கூண்டும் அந்நகரின் அடையாளமாக நிற்கின்றன.

இந்த ஆலைகளின் நிலத்தை என்ன செய்வது, இயந்திரங்களை எப்படி விற்பது, நிலுவைகளை எப்படித் தீர்ப்பது என்பதைப் பற்றித் தில்லியில் பல ஆண்டுகளாகக் கோப்புகள் நகர்கின்றன. ஆனால், ஆலைகளுக்குள் இருக்கும் வருகைப் பதிவேடுகள், ஊதியப் பட்டியல்கள், வரைபடங்கள், தொழிற்சங்கங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் ஆகியவற்றின் கதி என்ன என்பது மட்டும் யார் கவனத்துக்கும் வருவதில்லை. பழைய இரும்போடு பழைய காகிதமும் எடை போடப்பட்டால், ஒரு நகரத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு அத்தோடு முடிந்துபோகும்.

கான்பூரின் வரலாறு அந்நகருக்கு மட்டும் உரியதல்ல. 1925 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் காங்கிரஸ் மாநாடு அங்கு நடைபெற்றது. அதே மாதம், அதே நகரில், இந்தியக் கம்யூனிஸ்டுகளின் முதல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் சென்னையிலிருந்து சென்ற சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர். 1937-ல் ஆலைத் தொழிலாளரின் கொந்தளிப்பைக் கண்ட மாகாண அரசு, அவர்களது நிலையை ஆராய ராஜேந்திர பிரசாத் தலைமையில் குழு அமைத்தது. குடியரசின் முதல் தலைவராகப் பின்னாளில் பொறுப்பேற்றவர், கான்பூர் தொழிலாளியின் கூலிக்கணக்கைப் பார்த்தவர் என்பது பலருக்கு நினைவில்லை.

விடுதலைக்குப் பிறகும் அந்நகரம் அடங்கிவிடவில்லை. குறைந்த ஆள்களைக் கொண்டு கூடுதல் தறிகளை இயக்கும் திட்டத்தை எதிர்த்து 1955-ல் 80 நாள்கள் வேலைநிறுத்தம் நடைபெற்றது. தொழிற்சங்கவாதியான எஸ்.எம். பானர்ஜியைச் சுயேச்சையாகவே 1957 முதல் நான்கு முறை மக்களவைக்கு அனுப்பியது கான்பூர். நேதாஜியின் படையில் பணியாற்றிய, சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமி 2012-ல் மறையும்வரை மருத்துவம் பார்த்ததும் இந்நகரில்தான்.

1977 டிசம்பர் 6 அன்று சுவதேசி பருத்தி ஆலையில் காவல் துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்தின் ஆலைகளின் நிர்வாகத்தை மத்திய அரசு ஏற்றது. அவற்றில் புதுச்சேரி ஆலையும் ஒன்று. நிர்வாகத்தின் கருத்தைக் கேட்காமல் அவ்வாறு ஏற்கலாமா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981-ல் அளித்த தீர்ப்பு, இயற்கை நீதி குறித்து இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. கான்பூர் ஆலை ஒன்றின் கதை, சட்டக் கல்லூரிகளின் பாடமாகிவிட்டது. ஆனால், அந்த ஆலையின் தொழிலாளர்கள் எங்கிருந்து வந்தார்கள், என்ன கூலி பெற்றார்கள் என்பதைச் சொல்லும் ஏடுகளைப் பற்றிக் கேட்பார் இல்லை.

இதில் நாடாளுமன்றத்துக்குத் தனிப் பொறுப்பு உண்டு. 1974-ல் நலிந்த பஞ்சாலைகளையும், 1981-ல் லால் இம்லியை நடத்திவந்த பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷனின் பங்குகளையும், 1986-ல் சுவதேசி ஆலைகளையும் பொதுநலனின் பெயரால் அரசுடைமையாக்கியது நாடாளுமன்றமே. சொத்தை ஏற்றபோதே அதன் ஏடுகளையும் தேசம் ஏற்றது என்பதே நியாயமான பொருள்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 1993-ம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் அமைச்சகங்களுக்கு மட்டுமன்றி, மத்திய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கும் பொருந்தும். 25 ஆண்டுகளைக் கடந்த ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்துடன் கலந்து மதிப்பிட்டு, நிலையான மதிப்புடையவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். 1892-க்கு முந்தைய ஆவணங்களை, பயன்படுத்தவே முடியாத அளவுக்குச் சிதைந்திருந்தாலன்றி அழிக்கக் கூடாது என்கிறது 8-வது பிரிவு. மீறினால் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. எல்ஜினும் மூரும் லால் இம்லியும் 1892-க்கு முன்பே இயங்கியவை என்பதை அதிகாரிகள் கருத்தில் கொள்ள வேண்டும்.

வேலையிழந்தவர்களின் நிலுவையே தீராதபோது பழைய காகிதத்துக்கு என்ன அவசரம் என்று கேட்கப்படலாம். நிலுவைதான் முதலில் தீர்க்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த நிலுவைக்கே ஆதாரம் இந்தக் காகிதம்தான். எத்தனை ஆண்டு பணி, எவ்வளவு ஊதியம், வருங்கால வைப்பு நிதியில் எவ்வளவு பிடித்தம் என்பதை நிரூபிக்க, இறந்துபோன தொழிலாளியின் மனைவிக்கு ஆலையின் பதிவேட்டைத் தவிர வேறு சாட்சி எது? ஏட்டைத் தொலைத்தவர்கள் வரலாற்றை மட்டுமல்ல, உரிமையையும் தொலைத்தவர்கள் ஆவார்கள்.

கட்டடங்கள் அனைத்தையும் நினைவுச் சின்னமாக்க வேண்டும் என்று எவரும் கோரவில்லை. நெருக்கடி மிகுந்த நகருக்கு வீடுகளும் பூங்காக்களும் மருத்துவமனைகளும் தேவை. ஆலை நிலம் அதற்குப் பயன்படுமானால் நல்லதே. ஆனால், ஒரு கட்டடத்தையேனும் அருங்காட்சியகமாகவும் ஆவணக் காப்பகமாகவும் ஒதுக்குவதில் என்ன தடை? ஆலை முதலாளிகளின் பெயர்கள் ஆலன்கஞ்ச், மெக்ராபர்ட்கஞ்ச் எனத் தொழிலாளர் குடியிருப்புகளில் நிலைத்துவிட்டன. அங்கு வாழ்ந்தவர்களின் பெயர்கள் அந்த ஏடுகளில் மட்டுமே உள்ளன.

இது கான்பூரோடு நிற்கும் பிரச்சினையும் அல்ல. 2020 மார்ச் பொதுமுடக்கத்தின்போது தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் நின்றபோது, கோவையின் ஆலைகளும் அவற்றோடு நின்றன. அங்குள்ள ஏடுகளுக்கும் சட்டம் ஒன்றே, அபாயமும் ஒன்றே.

எனவே, ஜவுளித் துறையும் கலாசாரத் துறையும் இணைந்து, மூடப்பட்ட பொதுத்துறை ஆலைகளின் ஆவணப் பட்டியலை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்க வேண்டும். பட்டியல் தயாராகும்வரை எந்த ஆலையின் அலுவலக அறையும் ஏலத்துக்கு வரக் கூடாது. உறுப்பினர்கள் கேள்வி நேரத்தில் ஆலை நிலத்தின் மதிப்பைக் கேட்கிறார்கள். அந்த நிலத்தில் உழைத்தவர்களின் பெயர்ப் பதிவேடு எங்கே என்றும் ஒருவர் கேட்கட்டும். அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.