ஜன்னலுக்கும் தராசு வேண்டும்

கடைக்கு மேல்மாடியிலேயே குடியிருப்பவர்கள் நம்மில் பலர். பழைய ஜன்னல் இற்றுப்போனால் புதிது போட வேண்டியிருக்கிறது. "மின்சாரம் மிச்சமாகும், ஏ.சி. குளிர் வெளியே போகாது" என்று விற்பவர் சொல்கிறார். நாமும் சதுர அடி விலையை மட்டும் பேசி முடித்துவிடுகிறோம். ஒரு கிலோ பருப்புப் பாக்கெட்டிலும் எடை, விலை, தேதி அச்சிட்டு விற்பவர்கள் நாம். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை பெறுபவர்கள் நாம். பல ஆயிரம் ரூபாய் ஜன்னலை மட்டும் வாய்ச்சொல்லை நம்பி ஏன் வாங்க வேண்டும்?

முதலில் சட்டம். அலுமினியம் மரத்தைவிட ஏறத்தாழ 1,000 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். யு.பி.வி.சி. இதில் மரத்துக்கு இணையானது, கரையானும் அரிக்காது. அலுமினியம்தான் வேண்டுமென்றால், உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் பிரிக்கும் வெப்பத்தடுப்புப் பட்டை நடுவில் உள்ளதா என்று கேட்க வேண்டும். உறுதியாக நிற்கும் தேக்குச் சட்டத்தைப் பெயர்ப்பது வீண் செலவு. கீலைச் சரிசெய்து, இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினாலே பெரும்பாலும் போதும்.

அடுத்து கண்ணாடி. ஜன்னலின் பெரும்பகுதி அதுதான். சாதாரண ஒற்றைக் கண்ணாடி, தன்மேல் படும் வெயிலின் வெப்பத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். வெயிலைத் தடுக்கும் பூச்சு இல்லாவிட்டால் இரட்டைக் கண்ணாடியாலும் இது பெரிதாகக் குறையாது. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுவது குறைந்த செலவில் நிறைந்த பலன் தரும். உள்ளே திரை போடுவதில் பலன் குறைவு. வெப்பம் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

மூன்றாவது காற்று. ஏ.சி. ஓடும் அறைக்கு இடுக்கு அடைபட வேண்டும், ஏ.சி. இல்லாத அறைக்கோ காற்று வர வேண்டும். மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்பு விதித்தொகுப்பு, சென்னை போன்று வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், வெளிக்காற்றுக்குத் திறக்கும் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. பெரிய மனைகளில் எழும் புதிய கட்டடங்களுக்கான விதிதான் அது. நாமும் அதை அளவுகோலாகக் கொள்ளத் தடையில்லை. இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும். கீல் வைத்த ஜன்னல் 90 சதவீதம் திறக்கும். முழு ஜன்னலுக்குப் பணம் கொடுத்துப் பாதிக் காற்று வாங்கலாமா?

ஆகவே, வாங்கும்போது இரண்டு எண்களைப் பில்லில் எழுதிக் கேளுங்கள். ஒன்று, வெயில் வெப்பம் எத்தனை பங்கு உள்ளே வரும் என்று காட்டும் எஸ்.எச்.ஜி.சி. மற்றொன்று, வெப்பம் கடத்தப்படும் அளவைக் காட்டும் யூ மதிப்பு. இரண்டும் குறைவாக இருப்பதே நல்லது. கண்ணாடிக்கு மட்டுமன்றி, சட்டமும் சேர்ந்த முழு ஜன்னலுக்கும் அந்த எண்கள் வேண்டும்.

கண்ணாடி, ஹார்டுவேர் வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்கள், யாரும் கேட்கும் முன்பே இவற்றைப் பில்லில் குறித்துத் தர முன்வர வேண்டும் என்பது நம் கருத்து. அளந்து கொடுப்பவனிடம்தான் வாடிக்கையாளர் மறுபடி வருவார். இது நமக்குப் புதிய பாடமல்ல.