ஆழமறிந்து காலை விடுவோம்

'ஆழமறியாமல் காலை விடாதே' என்றனர் நம் முன்னோர். அயல்நாடு சென்று வாடகைக் காரைத் தாமே ஓட்டுவோர் பெருகிவரும் இந்நாளில் இம்முதுமொழி இன்னும் அதிகமாய்ப் பொருந்துகிறது. அப்படி ஓட்டுவது தவறன்று. ஆனால், கையில் ஓட்டுரிமம் இருந்தாலே போதும் என்று எண்ணுவது தவறு என்பதே நம் கருத்து.

ஐஸ்லாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இரயில் கிடையாது; எனவே பயணிகள் காரையே நாடுகின்றனர். நம்மைப் போல் இடப்புறம் சென்றுவந்த அந்நாட்டு மக்கள், 1968 மே 26 அன்று வலப்புறத்திற்கு மாறினர். ஒரு நாடே ஒரே நாளில் பழக்கத்தை மாற்றிக்கொண்டதென்றால், பத்து நாள் விருந்தினராகிய நம்மால் இயலாதா? நகரத்து ரவுண்டானாவில் இரு வரிசையாய்ச் செல்லும்போது, உள்வரிசை வண்டிக்கே வெளிவரிசை வண்டி வழிவிட வேண்டும். இதை அறியாமல் நுழைந்தால் மோதல்தான்.

நகரைத் தாண்டினாலோ, தார்ச்சாலை திடீரென முடிந்து சரளைச் சாலை தொடங்கும். தார்ச்சாலையில் மணிக்கு 90 கி.மீ., சரளையில் 80 கி.மீ. என்பதே உச்ச வேகம். வளைவிலும் மேட்டிலும் அதுவும் அதிகமே. சாலையின் ஒருபுறம் தாயாடும் மறுபுறம் குட்டியும் நின்றால், ஒன்று குறுக்கே ஓடிவரும் என்றறிந்து வேகத்தைக் குறைக்க வேண்டும்.

உள்நாட்டு மலைப்பாதைகளில் பல ஆறுகளுக்குப் பாலமே இல்லை. நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிக்கே அங்கு அனுமதி. காலையில் தாழ்ந்தோடும் பனியாறு, வெயிலில் பனி உருகுவதால் மாலையில் பெருகிவிடும். "காப்பீடு இருக்கிறதே, என்ன பயம்?" என்பார் உளர். ஆற்றில் இறங்கிக் கெட்ட வண்டிக்குப் பெரும்பாலும் காப்பீடு கிடைப்பதில்லை. கிடைத்தாலும், போன உயிர் திரும்புமோ?

பாதையை விட்டு விலகி ஓட்டுவதும் அங்கே சட்டப்படி குற்றம். ஒரு சக்கரத் தடம் நசுக்கிய பாசி மீண்டும் தழைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். நாம் வாடகை கொடுத்தது வண்டிக்கே, நிலத்திற்கு அன்று.

தோழியரே, நாளை நம்முள் பலரும் அயல்நாட்டுச் சாலைகளில் ஸ்டியரிங்கைப் பிடிப்போம். புறப்படுமுன் அந்நாட்டு விதிகளைப் படிப்போம். ஐயமிருந்தால் ஊராரைக் கேட்போம். ஆறு பெருகியிருந்தால் வெட்கப்படாமல் திரும்புவோம். வீட்டில் நமக்காகக் காத்திருப்போர்க்கு அதுவே நாம் செய்யும் கடமை.