மெல்ல ஓடுக!

விளையாட்டில் வெற்றி எங்கே பிறக்கிறது என்று கேட்டால், நம்மில் பலர் போட்டி நடைபெறும் மைதானத்தையே சுட்டிக் காட்டுவோம். துப்பாக்கி வெடித்ததும் பாயும் கால்களையும், வெற்றிக் கோட்டைத் தொடும் மார்பையும், தோளில் தூக்கிக் கூத்தாடும் நண்பர்களையும் நினைப்போம். என் கருத்து வேறு. போட்டியே இல்லாத மாதங்களில், பார்ப்பவர் ஒருவருமில்லாத பாதையில், பரபரப்பே இல்லாத பயிற்சியில்தான் வெற்றி பிறக்கிறது. இதற்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்வது ட்ரையத்லான் என்னும் போட்டியையும், குளிர்நாட்டு வீரர்கள் பனிக்காலத்தில் அதற்குச் செய்யும் பயிற்சியையும். வரலாறு பயிலும் மாணவனுக்கு இது என்ன வேலை என்று ஆசிரியப் பெருமக்கள் வினவலாம். நம் கல்லூரியின் நெடுந்தூர ஓட்ட அணியில் மூன்றாண்டுகளாக ஓடுபவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிப்பதே ட்ரையத்லான். 2000ஆம் ஆண்டு சிட்னியில் இது ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அங்கே 1.5 கிலோமீட்டர் நீந்தி, 40 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். நம் கிராமத்து மாணவனுக்கு இம்மூன்றில் எது புதிது? கிணற்றில் குதித்து நீந்தியவனும், சைக்கிள் மிதித்துக் கல்லூரிக்கு வருபவனும், புறப்பட்டுவிட்ட பஸ்ஸைத் துரத்தி ஓடுபவனும் ஒருவன்தானே! பெயர்தான் புதிது.

1974ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், அமெரிக்காவில் சான் டியாகோ நகரின் மிஷன் பே கரையில் 46 பேர் கலந்துகொண்ட போட்டியிலிருந்து இதன் வரலாற்றைத் தொடங்குவர். நான்காண்டு கழித்து, 1978 பிப்ரவரி 18ஆம் நாள், ஹவாயின் ஓவாஹு தீவில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி 'அயர்ன்மேன்' என்ற நெடும்போட்டியைத் தொடங்கி வைத்தார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் முழு மாரத்தான் ஓட்டம்! புறப்பட்டவர் 15 பேர். முடித்தவர் 12 பேர். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 வினாடி ஆயிற்று.

பிப்ரவரி என்பதைக் கவனியுங்கள். ஹவாய்த் தீவுகளில் பிப்ரவரியிலும் கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆனால் அங்கே போட்டியிட வரும் கனடா நாட்டுக்காரனுக்கும் வட அமெரிக்க மாநிலத்துக்காரனுக்கும் ஊரில் ஏரி உறைந்து கிடக்கும். சாலையில் பனி மூடியிருக்கும். அவன் எங்கே நீந்துவது, எங்கே சைக்கிள் மிதிப்பது? இக்குறையைப் போக்கவே 1982ஆம் ஆண்டு போட்டியை அக்டோபருக்கு மாற்றினர். அதனால் அந்த ஓராண்டில் மட்டும் பிப்ரவரியில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என இரண்டு போட்டிகள் நடந்தன. (அந்தப் பிப்ரவரிப் போட்டியில்தான் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி, முதலிடத்தில் வந்துகொண்டிருந்தவர், முடிவுக் கோட்டருகே கால்கள் மடிந்து விழுந்து, தவழ்ந்தே இரண்டாவதாக முடித்தார். பட்டப்படிப்பின் ஆய்வுக் கட்டுரைக்காகவே அவர் அதில் இறங்கினாராம். நம் ஆய்வுக் கட்டுரைகளை நினைத்துப் பார்க்கிறேன்!) நாளை மாற்றியதால் குளிர்நாட்டு வீரனுக்குக் கோடை முழுவதும் பயிற்சிக்குக் கிடைத்தது. பனிக்காலம் போட்டியில்லாப் பருவமாக ஆயிற்று. அந்தப் பருவத்தை என்ன செய்வது? இக்கேள்வியில்தான் பயிற்சியாளர்கள் இன்றும் பிரிந்து நிற்கின்றனர்.

முற்றிலும் ஓய்ந்துவிடுவோர் ஒரு வகையினர். போட்டி முடிந்ததும் காலணியை ஆணியில் மாட்டிவிட்டு, பனி கரையும்போது எடுத்து மாட்டிக்கொள்பவர்கள். உடலுக்கும் மனத்துக்கும் இரண்டொரு வாரம் ஓய்வு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. மாதக்கணக்கில் ஓய்ந்தால் என்ன ஆகும்? 1984ஆம் ஆண்டு எட்வர்ட் காயில் என்பவரும் உடனிருந்தோரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. நன்கு பயின்ற ஏழு வீரர்களைப் பயிற்சியை அறவே நிறுத்தச் செய்து, 84 நாட்கள் வரை சோதித்தனர். உடல் பிராணவாயுவை எடுத்துப் பயன்படுத்தும் உச்ச ஆற்றல் முதல் 21 நாட்களில் 7 விழுக்காடு குறைந்தது. 56ஆம் நாளில் 16 விழுக்காடு குறைந்து அங்கே நின்றது. ஆண்டுகள் பல சேர்த்தது வாரங்களில் கரைகிறது.

மற்றொரு வகையினர் இதற்கு நேர்மாறு. பனிக்காலத்தையும் போட்டிக்காலமாக்கி விடுகிறார்கள். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி ஒரு கருவியில் பூட்டி, எதிரே திரையை வைத்துக்கொண்டு, உலகின் எங்கோ ஒரு மூலையில் தம்மைப் போலவே அறைக்குள் மிதித்துக்கொண்டிருப்பவனோடு போட்டியிடுகிறார்கள். நாள்தோறும் போட்டி, நாள்தோறும் மூச்சு முட்டல்! கருவியை நான் குறை கூறவில்லை. வெளியே உறைபனி இருக்கையில் சைக்கிள் மிதிக்க அதைவிட நல்ல வழி இல்லை. (அறைக்குள் எதிர்க்காற்று இல்லாததால் உடல் சூடேறும், மின்விசிறி கட்டாயம் வேண்டும்.) நான் குறை கூறுவது, வியர்வையின் அளவைக் கொண்டு பயிற்சியின் தரத்தை எடைபோடும் மனப்போக்கை. இத்தகைய பயிற்சியை விற்பது எளிது. 'மெல்லப் போ' என்ற அறிவுரையை யார் காசு கொடுத்து வாங்குவார்?

ஆனால் வரலாறு அந்த அறிவுரையின் பக்கமே நிற்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட் என்பவர், தம் உடலையே சோதனைச் சாலையாக்கி ஒரு முறையைக் கண்டார். போட்டிப் பருவத்திற்கு முன்னர் வாரத்திற்கு 100 மைல் வரை, மூச்சிரைக்காத வேகத்தில் ஓடி அடித்தளம் அமைப்பது. வேகப் பயிற்சியைக் கடைசியில் சேர்ப்பது. 800 மீட்டர் ஓட வந்த பீட்டர் ஸ்னெல்லையும் மலைப்பாதையில் 22 மைல் ஓட வைத்தார். இரண்டு நிமிடத்திற்குள் முடியும் ஓட்டத்திற்கு இரண்டரை மணி நேர ஓட்டமா என்று நகைத்தவர்கள் உண்டு. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில், ஒரே மாலைப்பொழுதில், ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றனர். இருவரும் லிடியார்டின் மாணவர்கள். 1961 டிசம்பரில் முழு மாரத்தான் ஓடிய அதே ஸ்னெல், 1962 ஜனவரியில் ஒரு மைலை 3 நிமிடம் 54.4 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார்.

லிடியார்ட் ஓட்டக்காரர்களின் ஆசான். ட்ரையத்லானில் இதே பாடத்தை வாழ்ந்து காட்டியவர் மார்க் ஆலன். அவர் ஒவ்வொரு நாளும் முழு வேகத்தில் பயின்றவர், வென்றவர், அடிக்கடி காயமும் களைப்பும் கண்டவர். பில் மாஃபடோன் என்பவர் அவர் கையில் இதயத் துடிப்பை அளக்கும் கருவியைக் கொடுத்து, நிமிடத்திற்கு 155 துடிப்பைத் தாண்டாமல் ஓடு என்றார். ஓடினால், ஒரு மைலுக்கு எட்டு நிமிடத்திற்கும் மேலாகிறது! உலகின் முன்னணி வீரர் ஒருவர், சாலையில் பிறர் தாண்டிச் செல்ல, மாதக்கணக்கில் அப்படி ஓடுவதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும்? அவர் ஓடினார். மாதங்கள் செல்லச் செல்ல, அதே 155 துடிப்பில் வேகம் கூடிக்கொண்டே வந்து, முடிவில் மைலுக்கு 5 நிமிடம் 20 வினாடி வரை வந்தது. இதயம் அதே வேலைதான் செய்தது. கால்கள் மூன்று நிமிடம் மிச்சம் பிடித்தன. ஹவாயில் ஆறு முறை முயன்றும் கிட்டாத வெற்றி, 1989ஆம் ஆண்டு கிட்டியது. அதுவரை ஆறு முறை வென்றிருந்த டேவ் ஸ்காட்டை அவர் வென்றது 58 வினாடி வித்தியாசத்தில்! அவ்வெற்றியையும் சேர்த்து அவரும் ஆறு முறை வென்றார்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. நிதானமான நீண்ட பயிற்சியால் தசை உயிரணுக்களில் பிராணவாயுவைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. தசையைச் சுற்றி நுண்ணிய குருதிக் குழாய்கள் பெருகுகின்றன. கொழுப்பை எரிக்கும் திறன் கூடுகிறது. இவை நாளில் நடப்பவை அல்ல, மாதங்களில் நடப்பவை. இன்னொன்றையும் நாம் மறக்கிறோம். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் முன்னேறிவிடும். எலும்பும் தசைநாணும் அவற்றைவிடத் தாமதமாகவே வலுப்பெறும். மூச்சு 'போ' என்று சொல்லும்போது எலும்பு 'பொறு' என்று சொல்கிறது. அதன் குரல் நம் காதில் விழுவதில்லை.

என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு அந்தக் குரல் மிகத் தாமதமாகக் கேட்டது. தந்தை இல்லாத வீடு. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை கிடைத்துவிடும் என்பது அவன் தாயின் நம்பிக்கை. கோடை விடுமுறை முழுவதும் கடையில் நின்று வேலை பார்த்தான், ஓடவில்லை. கல்லூரி திறந்ததும், வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் முதல் நாளே கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு 400 மீட்டரைப் பத்து முறை ஓட வைத்தார். வலிக்கிறது என்றவனைக் கோழை என்றார். நான்காம் வாரத்தில் கணைக்கால் எலும்பில் மயிரிழை முறிவு. பல்கலைக்கழகத் தேர்வு நடந்த நாளில் அவன் கட்டையூன்றி நின்று எங்களுக்குக் கைதட்டினான். அவனிடம் குறைந்தது திறமையுமல்ல, ஊக்கமுமல்ல. ஏப்ரலிலும் மேயிலும் வாரம் நான்கு நாள், அரைமணி நேரம், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் ஓடியிருந்தால் போதும். அதைச் சொல்ல ஒருவருமில்லை.

சரி, பனிக்காலத்தில் ட்ரையத்லான் வீரன் செய்ய வேண்டியவைதான் யாவை? ஓட்டத்தைச் சொல்லிவிட்டேன். பேச முடிகிற வேகமே அளவு. கருவி உள்ளவர், மாஃபடோன் கூறியபடி 180இலிருந்து தம் வயதைக் கழித்து வரும் எண்ணைத் தாண்டாதிருக்கலாம். அது ஒரு குத்துமதிப்பே, வேதவாக்கு அல்ல. நீச்சல் தனிக்கதை. நீரின் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுவது. எனவே கையை வேகமாக வீசுபவனைவிட உடலைக் கிடைமட்டமாக நீட்டி வைப்பவனுக்கே பயன் அதிகம். போட்டிக் காலத்தில் பழக்கத்தை மாற்றினால் வேகம் குறையும் என்ற அச்சம் இருக்கும். பனிக்காலத்தில் அவ்வச்சம் இல்லை. குளத்தை மறந்து, உள்ளரங்கத்தின் 25 மீட்டர் தொட்டியில் தலை, இடுப்பு, முழங்கை என்று ஒவ்வொன்றாகத் திருத்திக்கொள்ளலாம். வாரம் இரு நாள் எடை தூக்குவதும், பனிச்சறுக்கு தெரிந்தவர் சறுக்கிச் செல்வதும் நன்று.

இதற்கு மறுப்பும் உண்டு. வாரத்தில் ஐந்து மணி நேரமே கிடைக்கும் அலுவலக ஊழியர், முழுதும் மெல்ல ஓடினால் முன்னேறுவாரா? ஐயம் நியாயமானதே. அவருக்கு வாரம் ஒருமுறை விரைவுப் பயிற்சி வேண்டும் என்பதை ஒப்புகிறேன். முன்னணி வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர் கண்டதும், ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு எளிய பயிற்சி, ஒரு பங்கு கடும் பயிற்சி என்பதே. முழுதும் எளிது என்பதன்று. நார்வே நாட்டார் கடுமையாக அல்லவா பயில்கிறார்கள் என்றும் கேட்கலாம். மழைக்குப் பெயர்போன பெர்கன் நகரிலிருந்து வந்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021ஆம் ஆண்டு தங்கம் வென்ற கிறிஸ்டியன் புளூமன்ஃபெல்ட் மலையளவு பயில்பவர்தான். ஆனால் அந்த அணியினர் பயிற்சிக்கு நடுவே ஒரு துளிக் குருதியெடுத்து லாக்டேட் அளவைப் பார்ப்பது எதற்கு? அளவு கூடினால் வேகத்தைக் குறைக்கவும்தான்! அங்கே பயிற்சியாளரின் வேலை விரட்டுவது மட்டுமல்ல, கடிவாளத்தைப் பிடிப்பதும்கூட.

நமக்குப் பனிக்காலம் இல்லை. நம் போட்டியில்லாப் பருவம் அக்கினி நட்சத்திரத்தோடு சேர்ந்து வருகிறது. வெப்பத்தில் அதே வேகத்திற்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும் என்பதால், நாம் இன்னும் மெல்ல ஓட வேண்டியவர்கள், அதுவும் விடியற்காலையில். ஆனால் தேர்வுகள் முடிந்த மறுநாளே நம் மைதானத்தின் இரும்புக் கதவு பூட்டப்படுகிறது, ஜூனில்தான் திறக்கிறது. கல்லூரி நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரல், மே இரண்டு மாதங்களும் காலை 5 மணி முதல் 7 மணி வரை அக்கதவைத் திறந்து வைக்கலாகாதா? பந்து வேண்டாம், பயிற்சியாளர் வேண்டாம். காவலாளி ஐயா எப்படியும் அந்நேரத்தில் விழித்துத்தான் இருக்கிறார். மேற்குச் சுவரோரம் உள்ள குழாயில் தண்ணீர் வந்தால் போதும்.