கணினி முன் யாருக்கு எத்தனை மணி நேரம்?

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் ‘இணையச் செயல்பாடு’ என்றொரு பகுதி வருகிறது. அங்குள்ள விரைவுக் குறியீட்டைக் கைப்பேசியில் படித்தால் ஜியோஜீப்ரா என்னும் மென்பொருளில் அமைந்த பயிற்சி திறக்கும். இருபடிச் சமன்பாட்டின் கெழுக்களை மாற்ற மாற்றப் பரவளையம் இடம்பெயர்கிறது. கிடை அச்சை அது இரு புள்ளிகளில் வெட்டுகிறதா, ஒரு புள்ளியில் தொடுகிறதா, தொடாமலே நிற்கிறதா என்பதைக் கண்ணால் கண்ட மாணவி, மூலங்களின் தன்மையை நெட்டுருப் போட வேண்டியதில்லை. 2001இல் ஆஸ்திரியாவில் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் உருவாக்கிய இம்மென்பொருள் மாணவர்க்கு இலவசம். நிறுவிவிட்டால் இணையமின்றியும் இயங்கும்.

ஆகவே கருவிக்குப் பஞ்சமில்லை. பழனி வட்டத்துப் பாலசமுத்திரம் போன்றதொரு பேரூராட்சியில், கூலி வேலைக்குச் செல்லும் தலித் பெற்றோரின் மகள் அக்கருவியின் முன் அமர நேரம் எங்கே கிடைக்கிறது என்பதே நமது கேள்வி. வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி காலையில் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி, நாட்டின் ஊரகக் குடும்பங்களில் கணினி இருந்தவை நூற்றுக்கு 4.4 மட்டுமே. 2020 ஜூனில், இணையவழி வகுப்பில் சேர வழியின்றிக் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் தலித் மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டதை நாம் மறந்துவிடவில்லை.

எஞ்சியிருப்பது பள்ளி. மாநிலத்தின் 6,029 அரசுப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் திட்டமிடப்பட்டன: 3,090 உயர்நிலைப் பள்ளிகளில் பத்துப் பத்துக் கணினிகள், 2,939 மேல்நிலைப் பள்ளிகளில் இருபது இருபது. நல்ல முயற்சிதான். ஆனால் நாற்பது பேர் கொண்ட வகுப்பில் பத்துக் கணினிகள் என்றால், ஒன்றைச் சுற்றி நால்வர். சுட்டியைப் பிடிப்பவர் யார், பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவர் யார் என்பது நம் ஊர்களில் தற்செயலாக முடிவாவதில்லை. நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவரைப் பெயரின் அகரவரிசையில் அமர்த்துமாறு 2024இல் பரிந்துரைத்ததே, அது எதனால்?

அரசு தந்த மடிக்கணினிகளோ இந்த வயதினரைத் தாண்டியே செல்கின்றன. 2011இல் தொடங்கிய திட்டம் மேல்நிலை வகுப்பினருக்கானது. 2025-26 வரவுசெலவுத் திட்ட அறிவிப்பு கல்லூரி மாணவர்க்கானது. கணிதம் ஒரு பிள்ளையைக் கைவிடுவது அதற்கு முன்பே, ஒன்பதிலும் பத்திலும். திண்டுக்கல் மாவட்டத்தில் அதன் விளைவு நாம் அறிந்ததே. பள்ளிப் படிப்பு முறிந்த பெண்பிள்ளைகளுக்காக வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளின் வாகனங்கள் காத்திருக்கின்றன. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஆலைகளுக்குள் போன பதின்ம வயதினரில் தலித் பெண்கள் எத்தனை பேர் என்பதைத் தொழிற்சங்கத்தார் அறிவர்.

கருவியை வாரி வழங்கினால் மட்டும் கணிதம் வந்துவிடாது. பெரு நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெருமளவில் மடிக்கணினி வழங்கியும் கணிதத் தேர்ச்சி உயரவில்லை. டெல்லியில் பள்ளி நேரத்துக்குப் பின் நடந்த மையங்களில், ஒவ்வொரு பிள்ளையின் உண்மையான நிலையிலிருந்து தொடங்கிய மைண்ட்ஸ்பார்க் மென்பொருள் நான்கரை மாதங்களில் தெளிவான முன்னேற்றத்தைத் தந்ததாக 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே பிள்ளைக்குக் கிடைத்தது தனக்கென ஒரு கணினி, தனக்கென முக்கால் மணி நேரம், அருகில் உதவிக்கு ஒரு மனிதர்.

அந்த நேரத்தை இங்கே உருவாக்க இடம் இருக்கிறது. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் பிள்ளைகள் மாலை முழுவதும் இருக்கிறார்கள். அங்கே கணினியும், கணிதம் தெரிந்த ஒரு பயிற்றுநரும் வேண்டும். விடுதியில் சேராத சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆய்வகம் மாலை ஆறரை மணிவரை திறந்திருக்க வேண்டும். பணமா? ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டச் சட்டம் 2024இல் நிறைவேறியிருக்கிறது. பொதுத் திட்டங்களின் செலவில் ஒரு பங்கைத் தலித் மக்களின் கணக்கில் எழுதிவைக்கும் பழைய வழக்கத்தை விடுத்து, இந்தச் செலவை அந்நிதியிலிருந்து நேரடியாகச் செய்யட்டும். எந்த விடுதிக்கு எத்தனை கணினி, எந்தப் பிள்ளைக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற கணக்கை ஆண்டுதோறும் மாவட்ட வாரியாக வெளியிடட்டும். திண்டுக்கல் மாவட்டத்தின் பட்டியலைப் பாலசமுத்திரத்திலிருந்தே தொடங்கலாம்.